ரீவாவுக்குக் கேட்ட பூ

மாரீஸ்வரிக்கு வயது நாற்பத்து நான்கு. இதற்குள் அவளைப் பெண் கேட்டு வந்த வீடுகள் மூன்று, மூன்றும் தட்டிப்போயின. நான்காவது சம்பந்தம் இந்த ஆடி மாதத்தில் கூடி வந்தது, அதுவும் விண்வெளிக் கப்பலில் வேலை பார்க்கிற இரண்டு பேரால். அந்த இரண்டு பேரும் டிவிக்கு வெளியே எங்கும் இல்லாதவர்கள் என்பதை அவள் யாரிடம் போய்ச் சொல்ல?

ராஜபாளையத்தில், தென்காசி ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது அந்த நைட்டிக் கம்பெனி. பதினெட்டுத் தையல் மெஷின், ஒரு கட்டிங் டேபிள், ஒரு அயர்ன் மேசை, சுவரில் ஒரு டிவி. மாரீஸ்வரி அங்கே சூப்பர்வைசர். தளவாய்புரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து எட்டரைக்கு மெயின் சுவிட்சைப் போடுவதும் அவள்தான், ஆறு மணிக்கு அணைப்பதும் அவள்தான். நடுவில் யாருக்கு நூல் தீர்ந்தது, யாருக்கு வீட்டில் சண்டை, யாருடைய கை கழுத்துப்பட்டியைக் கோணலாகத் தைக்கிறது என்பதெல்லாம் தலையைத் திருப்பாமலே அவளுக்குத் தெரியும்.

கட்டிங் டேபிள் சோலைராஜ் மாஸ்டருடையது. ஐம்பது வயது. மனைவி இறந்து எட்டு வருடம் ஆகிறது. ஒரே மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டார். பன்னிரண்டு வருடமாக அவர் வெட்டுகிறார், மாரீஸ்வரி பிரித்து மெஷின்களுக்கு அனுப்புகிறாள். எந்த சைஸ் எத்தனை என்று அவள் விரலை நீட்டினால் போதும், துணி மேசையில் விரிந்துவிடும். அவர் கத்தரிக்கோலால் மேசையை இரண்டு தட்டுத் தட்டினால், இந்த சைஸ் முடிந்தது, அடுத்த சைஸ் என்று அர்த்தம். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் இரண்டு பேரும் பேசிக்கொண்ட சொந்தக் கதை ஒரு டீ குடிக்கிற நேரத்துக்கு மேல் வராது. அந்தக் கம்பெனியிலேயே மாரீஸ்வரிக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

பிடித்ததற்குக் காரணம் உண்டு. பத்தொன்பது வயதில் அவள் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தாள். மெஷின் நின்றால் ஒரு ஃபிட்டர் ஓடி வந்து சரிசெய்வான். மாரீஸ்வரி மெஷின் மட்டும் ஏன் அடிக்கடி நிற்கிறது என்று யாரோ கேட்டார்கள். ஒரே வாரத்தில் அந்தக் கேள்வியே பதிலாகி தளவாய்புரம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அண்ணன் பால்பாண்டி சைக்கிளில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஃபிட்டர் அதே மில்லில் இருந்து பணி ஓய்வு பெற்றான். உண்மையில் அது பழைய மெஷின், அதனால் நின்றது. அதைக் கேட்க ஆளில்லை.

*

'நெடுவெளி' தொடரைக் கம்பெனிக்குள் கொண்டுவந்ததும் மாரீஸ்வரிதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் மூட்டு வலிக் காய்ச்சலில் பத்து நாள் வீட்டில் கிடந்தபோது, அண்ணன் மகளின் போனில் தற்செயலாகப் பார்த்தாள். எந்த நாட்டுத் தொடரோ, தமிழில் பேசியது. பூமிக்குத் திரும்ப வழி தெரியாமல் ஒரு கப்பல் அலைகிறது. ரீவா என்ற பெண் அதற்குக் கேப்டன். ஆர்லோ என்ற ஆள் இன்ஜினியர், எந்நேரமும் கையில் ஒரு ஸ்பேனர். ரீவா கையை நீட்டினால் ஆர்லோ ஸ்பேனரைத் தருகிறான். ஆர்லோ கண்ணைக் காட்டினால் ரீவா கப்பலைத் திருப்புகிறாள். பத்து எபிசோடு ஓடியும் அந்தக் கப்பலில் ஒருத்தரும், "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன?" என்று கேட்கவில்லை. மாரீஸ்வரி ஜுரத்தோடு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இப்படி ஒரு இடம் இருக்கிறது, அதற்கு விண்வெளி வரைக்கும் போகவேண்டியிருக்கிறது.

கப்பலுக்குள் யாரும் கேட்கவில்லையே தவிர, கம்பெனிக்குள் முதல் வாரமே கேட்டுவிட்டார்கள்.

சாப்பாட்டு நேரம் அரை மணி. எபிசோடு ஐம்பது நிமிடம். அதனால் பாதி வெள்ளிக்கிழமை, மீதி சனிக்கிழமை. நடுவில் யாரும் வீட்டில் போய்த் திருட்டுத்தனமாக மீதியைப் பார்க்கக்கூடாது என்று அவரவர் மெஷின் மேல் கை வைத்துச் சத்தியம். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிற மெஷின். அதன் மேல் பண்ணின சத்தியத்தை மீற அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை. ஆனால் அந்த இருபத்து நான்கு மணி நேர இடைவெளியில் பேசக்கூடாது என்று சத்தியம் இல்லை. பேசினார்கள்.

ரீவாவும் ஆர்லோவும் சேருவார்கள் என்று ஒரு கட்சி, சேர மாட்டார்கள் என்று ஒரு கட்சி, கம்பெனி இரண்டாகப் பிரிந்தது. சேருகிற கட்சிக்குத் தலைவி ஓவர்லாக் மெஷின் பானுப்பிரியா. கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகிறது. உலகத்தில் எல்லோருக்கும் கல்யாணம் ஆகவேண்டும் என்று நினைக்கிற பருவம்.

"மூணாவது எபிசோடுல தன் ஆக்ஸிஜனைக் கழத்தி அவளுக்கு மாட்டுனானா இல்லையா? சொந்தப் புருசனே தருவானாக்கா?"

"ஏட்டி, அது டியூட்டி," என்பாள் மாரீஸ்வரி. "கேப்டன் செத்துப்போனா கப்பலை யாரு ஓட்டுறது? உங்க அய்யாவா?"

சேராத கட்சியில் மாரீஸ்வரிக்குத் துணை, பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் அய்யம்மாள். ஐம்பத்தைந்து வயது, முப்பத்தைந்து வருடக் குடும்ப அனுபவம். அவள் வாதமே வேறு. "கல்யாணம் மட்டும் ஆகட்டும், பொறவு அந்தப் பய ஸ்பேனரைத் தொடுவானா? சோறு எங்க, சட்டை எங்கன்னு உக்காந்துக்குவான். இவ கப்பலையும் ஓட்டி, உலையும் வைக்கணும். வேண்டாந்தாயி, அவளாவது நல்லாருக்கட்டும்."

"எங்க வீட்டுல அவிய அப்படியில்ல," என்று பானுப்பிரியா சிணுங்குவாள்.

"ஒரு வருசந்தான ஆச்சு? இரு, இரு."

சிரிப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. இரண்டாவது சீசனில் சேருகிற கட்சி தைத்த கையை, சேராத கட்சி நைட்டியின் தோளோடு இணைக்க மாட்டேன் என்று ஒரு முழு மதியம் நின்றது. மாரீஸ்வரி ஒரு பக்கம் கட்சிக்காரி, மறுபக்கம் சூப்பர்வைசர், யாரைத் திட்டுவது? எல்லோரையும் திட்டினாள். எரிச்சலில் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கட்டிங் டேபிளில் சோலைராஜ் மாஸ்டர் துணியில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

*

சனியன் பிடித்தது ஒரு வெள்ளிக்கிழமை. மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடு. ஆர்லோ கப்பலுக்கு வெளியே கயிற்றில் தொங்குகிறான். உள்ளே ரீவா கண்ணாடியில் கை வைத்து நிற்கிறாள். ஆர்லோ மூச்சு வாங்கியபடி, "ரீவா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்கிறான்.

மணி அடித்தது. ஒன்றரை.

பதினெட்டு மெஷின்காரிகளும் போட்ட கூச்சலில் அடுத்த தெரு நாய் குரைத்தது. மாரீஸ்வரி டிவியை அணைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் வியாழக்கிழமை. ரத வீதி ஜவுளிக்கடை ஒன்றுக்குத் திருவிழாக் கூட்டத்துக்கான சரக்கு புதன் மாலைக்குள் போய்ச் சேரவேண்டும். நாளைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, ராஜபாளையம் முழுக்கக் கரண்ட் கிடையாது, கம்பெனி லீவு. ஞாயிறும் போய்விட்டால் மீதி எபிசோடு திங்கள்கிழமைதான்.

"மூணு நாளாக்கா! என்ன சொல்லப்போறான்னு தெரியாம மூணு நாள் எப்படிக்கா உசுரோட இருக்கது?" என்றாள் பானுப்பிரியா.

"சோறு தின்னுட்டு இரு."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாரீஸ்வரி நிம்மதியாகத்தான் இருந்தாள். ஞாயிறு சாயங்காலம் அண்ணன் பால்பாண்டி வேட்டியை மடித்துக்கட்டாமல், நெற்றி நிறையத் திருநீறோடு, ஒரு பொட்டலம் அல்வாவோடு வீட்டுக்குள் வந்தபோதே அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

"மாஸ்டர் வீட்டுக்குப் போயிட்டு வாரேன்," என்றார் பால்பாண்டி.

"எந்த மாஸ்டர்?"

"உங்க கட்டிங் மாஸ்டர்தான். ஆடியில பேசக்கூடாதுதான், ஆனா அம்மனே உத்தரவு குடுத்த பொறவு நாள் என்ன கிழமை என்ன? ஆவணியில நிச்சயம் வச்சுக்கலாம்னு சொல்லிட்டு வந்தேன். கூச்சப்படுதாரு. ஒண்ணும் பேசல. நல்ல மனுசன்மா."

மாரீஸ்வரி கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். "எந்த அம்மன்? என்ன உத்தரவு?"

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கம்பெனிக்குப் பக்கத்துத் தெரு அம்மன் கோவில் பூசாரியும் பால்பாண்டியும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். காலையில் வயலில் பார்த்துப் பூசாரி கையைப் பிடித்துக்கொண்டாராம். உன் தங்கச்சிக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் சேர்த்துப் பூ போட்டுக் கேட்டாங்கப்பா, முதல் எடுப்பிலேயே சிவப்பு வந்துச்சு, இத்தனை வருசத்தில் இப்படிப் பளிச்சென்று வந்து நான் பார்த்ததில்லை என்றாராம்.

"கேட்டது யாரு?"

"உங்க கம்பெனிப் புள்ளைகதான். பாசக்காரப் புள்ளைக," என்றார் அண்ணன், கண் கலங்க.

*

திங்கட்கிழமை காலை கட்டிங் டேபிள் காலியாகக் கிடந்தது. மாஸ்டர் வரவில்லை. போன் எடுக்கவில்லை. முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "வெட்டுறதுதான, நான் வெட்டுறேன்," என்று இறங்கி, மயில் படம் போட்ட துணியை நாற்பது மடிப்பு விரித்து வெட்டினார். வெட்டி முடித்து எடுத்துப் பார்த்தால் நாற்பது நைட்டியிலும் மயில்கள் தலைகீழாகத் தொங்கின. அதற்குப் பிறகு அவர் கட்டிங் மெஷினைத் தொடவில்லை. மெஷின்கள் ஒவ்வொன்றாகத் துணியில்லாமல் நின்றன.

மாரீஸ்வரி பானுப்பிரியாவை ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கேட்பதற்கு முன்னாலேயே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"ரீவாவுக்கும் ஆர்லோவுக்குந்தான்க்கா கேக்கப் போனோம். மூணு நாள் தாங்க முடியாதுன்னு, சேருவாகளா மாட்டாகளான்னு அம்மன்கிட்டயே கேட்டுருவோம்னு..."

"அம்மனுக்கு இதுதான் வேலையா?"

"சிவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம் கட்டிக் குடுத்தோம். சிவப்பு வந்தா சேரும். பூசாரி பேரு, நட்சத்திரம் கேட்டாரு. ரீவான்னு சொன்னதும், யாரு பெத்த புள்ளன்னு கேட்டாரு. டிவியில வார ஆளுன்னோம். அதுக்கு அவரு, நெழலுக்கெல்லாம் நான் பூ போட மாட்டேன், மூச்சு விடுத ஆளு பேரைச் சொல்லுங்கன்னுட்டாரு. வந்தது வந்துட்டோம்... ரீவா கணக்கா அதிகாரம் பண்ணுறது நீங்க. ஆர்லோ கணக்கா வாயைத் தொறக்காம வேலை பாக்கது மாஸ்டரு. அவுகளுக்குப் பதிலா உங்க பேரைக் குடுத்தோம். பேருக்குத்தான்க்கா! மனசுல ரீவாவைத்தான் நெனைச்சுக்கிட்டோம்."

மாரீஸ்வரிக்கு அவளை அறையக் கை வந்தது. அறைவதற்கு எங்கே நேரம்? மில்லில் இருந்து சைக்கிளில் ஏறிய நாள் ஞாபகம் வந்தது. ஒரு பேச்சு கிளம்பினால் இரண்டு பேரில் ஒருத்தர் போகவேண்டும். அன்றைக்குப் போனது அவள். இன்றைக்கு மாஸ்டர் முந்திக்கொண்டார். அவர் திரும்பி வராவிட்டால் தேர் சரக்கு போகாது. அது ஒரு வாரத் துன்பம். ஆனால் அடுத்து எந்த மாஸ்டர் வந்தாலும், விரல் நீட்டினால் துணி விரிக்கிற ஆள் வரப்போவதில்லை. அப்படி ஒருத்தர் வந்தாலும், அவரையும் அவளையும் சேர்த்துப் பார்க்க இந்தப் பதினெட்டு ஜோடிக் கண்களும் பழகிவிட்டன.

மாஸ்டரின் பக்கத்து வீட்டில் விசாரித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாராம். மீதி எபிசோடை நாளைக்கு என்று தள்ளி வைத்து, முதலாளியிடம் சொல்லிவிட்டு மதியமே பஸ் ஏறினாள்.

*

ரத வீதியில் நடக்க இடமில்லை. தேருக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே வடத்தை இழுத்துப்போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பால்கோவாக் கடைகளில் இப்போதே வரிசை. தங்கச்சி வீட்டில் கைகாட்டிய திசையில் போனால், ஒரு பூட்டிய கடைப் படியில் உட்கார்ந்து, தேர்ச்சீலை தைத்திருக்கிற விதத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார் சோலைராஜ் மாஸ்டர். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"போனை எதுக்கு அணைச்சு வச்சிருக்கீங்க?"

"வேற என்ன செய்யச் சொல்றீங்க? உங்க அண்ணன் வந்து உக்காந்துட்டு, ஆவணின்னு சொல்லிட்டுப் போறாரு. முடியாதுன்னு சொன்னா உங்களுக்கு அவமானம். சரின்னு சொன்னா பொய்."

"பொய்யா?" மாரீஸ்வரிக்கு ஒரு கணம் சுருக்கென்றது. "அதை அம்புட்டு வேகமாச் சொல்லணும்னு அவசியமில்ல."

மாஸ்டர் திணறிப்போனார். "ஐயோ, நான் அப்படிச் சொல்லல. நீங்க..."

"விடுங்க. எனக்கும் அப்படி ஒண்ணும் கிடையாது. உண்டான்னு பஸ்ஸுல வரும்போது நெனைச்சும் பாத்துட்டேன். இல்ல. காலையில வந்தா நீங்க டேபிள்ல இருக்கணும், அம்புட்டுத்தான் எனக்கு வேணும்."

"எனக்கும் அதான்," என்றார் அவர். "ராஜபாளையத்துலயே இன்னொரு கம்பெனியில வரச் சொல்றாங்க. பேச்சுன்னு வந்துட்டா வேலை போறது உங்களுக்குத்தான், எனக்குப் போகாது. அதான் நானே போயிரலாம்னு பாத்தேன்."

"உங்களை யாரு தியாகம் பண்ணச் சொன்னது? அங்க நாற்பது மயில் தலைகீழா நிக்குது."

நடந்ததையெல்லாம் சொன்னாள். பூ கேட்டது தங்களுக்கு இல்லை, ரீவாவுக்கும் ஆர்லோவுக்கும் என்று சொன்னபோது மாஸ்டர் முதல் தடவையாகச் சிரித்தார். கோவிலில் போய்ப் பானுப்பிரியா உண்மையைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்றாள்.

"அப்ப அந்தச் சிவப்புப் பூ ரீவாவுக்குப் போயிருமே," என்றார் மாஸ்டர்.

"போகட்டுமே."

"அப்ப அவங்க ரெண்டு பேரும் சேரணுமே. நீங்க அதை ஒத்துக்கிடணும். உங்க கட்சி?"

மாரீஸ்வரி தேரைப் பார்த்தாள். இதை அவள் யோசிக்கவில்லை.

"நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டாள், பேச்சை மாற்ற.

"நான் மொத சீசன்லேர்ந்து உங்க கட்சிதான்," என்றார் மாஸ்டர். "வேலை பாக்கவங்களை வேலை பாக்க விடணும்."

*

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மன் சன்னதியில் பூசாரி, பால்பாண்டி, மாரீஸ்வரி, முகம் வீங்கிய பானுப்பிரியா. பானுப்பிரியா எல்லாவற்றையும் ஒப்பித்தாள். பூசாரி தாடையைத் தடவினார்.

"கேட்டது எவுகளுக்கோ அவுகளுக்குத்தான் பூ. பேரை மாத்திச் சொன்னதுக்குப் பதினோரு விளக்கு போடு." பிறகு மாரீஸ்வரியைப் பார்த்தார். "அப்ப, அந்த டிவி ஆளுக சேருவாகன்னு நீயும் ஒத்துக்கிடுதியா? அம்மன் வாக்கு. இல்லைங்கக் கூடாது."

மூன்று சீசன். எத்தனை சண்டை, எத்தனை ஆதாரம், எத்தனை தொண்டைக் கட்டு. மாரீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு, "சேருவாக," என்றாள்.

பானுப்பிரியா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

பால்பாண்டிக்கு முகம் தொங்கிப்போனது. "சேரலைன்னா?" என்று பூசாரியைக் கேட்டார். "அந்த ஆளுக சேரலைன்னா பூ என்னாகும்?"

பூசாரி யோசித்தார். "அம்மன் பொய் சொல்ல மாட்டா. அவுகளுக்கு இல்லைன்னா, பேரு சொன்னவுகளுக்குத்தான்."

"அப்ப நானும் வந்து பாக்கேன்," என்றார் அண்ணன்.

மதியம் ஒரு மணி. காலையிலிருந்து மாஸ்டர் தலை நிமிராமல் வெட்டியதில் பதினெட்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. மயில்கள் நேராக நின்றன. மணி அடித்ததும் எல்லோரும் தூக்குவாளியோடு டிவி முன்னால் கூடினார்கள். முதலாளி வந்து நின்றார். பால்பாண்டி நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு, முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் வழக்கம்போல் டேபிளருகே.

மாரீஸ்வரி அம்மனை வேண்டினாள். வாழ்க்கையில் இப்படி ஒரு வேண்டுதல் வைப்பாள் என்று அவள் நினைத்ததில்லை. அவன் காதலைச் சொல்லட்டும் தாயே. கட்டிப்பிடித்தாலும் பிடிக்கட்டும். இந்த ஒரு தடவை நான் சொன்னதெல்லாம் தப்பாகப் போகட்டும்.

ஆர்லோ கயிற்றில் தொங்கினான். "ரீவா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு," என்றாள் ரீவா, கண்ணாடியில் கை வைத்து.

"இடது டேங்குல லீக். பதினோரு நிமிஷம்தான் இருக்கு."

பானுப்பிரியாவின் கையிலிருந்த அப்பளம் உடைந்தது.

அதற்குப் பிறகு பதினோரு நிமிடமும் வேலைதான். அவள் கையை நீட்ட அவன் கொடுத்தான். அவன் கண்ணைக் காட்ட அவள் திருப்பினாள். லீக் அடைபட்டது. கடைசியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலியில் களைத்து உட்கார்ந்தார்கள். "அடுத்த ஷிஃப்ட் எப்போ?" என்று ரீவா கேட்டாள். "ஆறு மணிக்கு," என்றான் ஆர்லோ. எழுத்து ஓடத் தொடங்கியது.

எந்தத் தொடரிலும் இவ்வளவு அழகான முடிவை மாரீஸ்வரி பார்த்ததில்லை. அவள் நெஞ்சு நிறைந்துபோனது. அதை வெளியே காட்ட முடியாது. மொத்தக் கம்பெனியும் அவளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு டேபிளைத் திரும்பிப் பார்த்தது. மறுபடி அவளை.

பால்பாண்டி ஸ்டூலை விட்டு எழுந்தார். முகத்தில் மெல்ல வெளிச்சம். "அப்ப ஆவணி..."

"உக்காருண்ணே!" என்று மாரீஸ்வரி கத்தினாள். "யாரும் எந்திரிக்காதீங்க. இதுதான் முடிவுன்னு யாரு சொன்னது? சீசன்தான முடிஞ்சிருக்கு? கதை முடிஞ்சிருச்சா?" மூச்சு வாங்கினாள். "மூணாவது எபிசோடுல ஆக்ஸிஜனைக் கழத்தி மாட்டுனானா இல்லையா? சொந்தப் புருசனே தருவானா? ஆறு மணிக்குன்னு சொல்லும்போது அவன் கண்ணைப் பாத்தீங்களா? நீங்க எங்க பாத்தீங்க, அப்பளம் பாத்துட்டிருந்தீங்க. அடுத்த சீசன்ல கட்டுறானா இல்லையான்னு பாருங்க!"

"அதான்க்கா! இதைத்தான் நான் மூணு சீசனாச் சொல்லுதேன்!" என்று பானுப்பிரியா குதித்தாள்.

"அடிப் பாவி, கட்சி மாறிட்டியே," என்று அய்யம்மாள் வாயில் கை வைத்தாள். "உன்னை நம்பியில்ல நான் இம்புட்டு நாளா இவளுகளோட மல்லுக்கட்டுனேன்?"

பால்பாண்டி நின்றபடியே பானுப்பிரியாவைக் கேட்டார். "அடுத்த சீசன் எப்பத்தா வரும்?"

"ரெண்டு வருசமாவது ஆகும்ணே. இப்பத்தான் எடுக்கவே ஆரம்பிப்பாக."

அண்ணன் மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தார். "அதுவரைக்கும் பூ நிக்குமான்னு பூசாரிகிட்ட கேக்கணும்," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"நிக்கும், நிக்கும்," என்றாள் மாரீஸ்வரி. "அம்மனுக்கு என்ன அவசரம்?"

ஒன்றரை மணி அடித்தது. தூக்குவாளிகள் மூடப்பட்டன. மெஷின்கள் ஒவ்வொன்றாக இரைய ஆரம்பித்தன. அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் பிடிக்கப் போனார். மாரீஸ்வரி டேபிளுக்கு வந்து, பெரிய சைஸுக்கு நாலு விரல் நீட்டினாள். துணி விரிந்தது. மாஸ்டர் சாக்பீஸை எடுத்து, கோட்டின் மேல் கண்ணை வைத்தபடி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"அவன் லீக்கைத்தான் சொன்னான்."

"வாயை மூடிட்டு வெட்டுங்க, மாஸ்டர்," என்றாள் மாரீஸ்வரி.